நம்ம கோர்ட்டு ஜட்ஜை யார் போடுறாங்க?



சில மாதங்களுக்கு முன் மூங்கில்துறைப்பட்டில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சந்தா வசூல் முடிந்து உள்கடன் விண்ணப்பங்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு சகோதரி 15,000 ரூபாய் கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் "கோர்ட்டு செலவு" என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊக்குநர், "வக்கீல் ஃபீஸா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. ஜட்ஜுகிட்ட சொல்ல வைக்கிறதுக்கு."

கூட்டம் அமைதியாகி விட்டது. மெதுவாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. "ஜட்ஜைப் போடுறதே எம்.எல்.ஏ.தானாம். எம்.எல்.ஏ. சொன்னா ஜட்ஜு தட்ட மாட்டாராம். எம்.எல்.ஏ.வுக்கு வேண்டப்பட்ட ஆளு ஒருத்தரு பேசி முடிச்சுத் தரேன்னு சொல்றாரு. முதல்ல 5,000 குடுத்துட்டேன். மீதி 15,000 குடுத்தா அடுத்த வாய்தாவுலயே தீர்ப்பாம்."

எங்களுக்கு வருத்தம் தந்தது அந்தச் சகோதரி ஏமாந்தது மட்டும் இல்லை. அங்கே இருந்த 14 பேரில் ஒருவர்கூட "அப்படி இல்லையே" என்று சொல்லவில்லை. ஒரு அம்மா, "ஆமாம்மா, ஆட்சி மாறினா கோர்ட்டுலயும் ஆளு மாறுறாங்களே" என்று தலையாட்டினார். அரைக்காணி விவசாயக் கணக்கை விரல்விட்டு எண்ணுகிற, வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசுகிற நம் உறுப்பினர்களுக்கே இது தெரியவில்லை. நாங்களும் இதுவரை எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரவில்லை. குறை எங்கள் பக்கமும்தான். அதனால் இந்த இதழின் பாடம் இது.

ஓட்டுப் போட்டு வருகிறவர், பரீட்சை எழுதி வருகிறவர்

ஊராட்சித் தலைவரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். வார்டு உறுப்பினர், எம்.எல்.ஏ., எம்.பி. எல்லோரும் அப்படித்தான். நம்ம குழுவிலேகூட தலைவி, பிரதிநிதிகளை நாமே கூடித் தேர்ந்தெடுக்கிறோம். ஆகவே "பெரிய பதவி என்றால் அரசியல்வாதிதான் போடுவார்" என்று நினைப்பது இயல்புதான்.

உலகத்தில் அப்படி நடக்கிற இடமும் இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா, தெற்கு கரோலினா என்ற இரண்டு மாநிலங்களில் நீதிபதிகளைச் சட்டமன்ற உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வர்ஜீனியாவில் கீழ்நிலை மாவட்ட நீதிமன்ற நீதிபதிக்கு 6 வருடம், அதற்கு மேலே உள்ள நீதிமன்ற நீதிபதிக்கு 8 வருடம் பதவிக்காலம். அது முடிந்ததும் மறுபடி சட்டமன்றம் ஓட்டுப் போட்டால்தான் நாற்காலி. தெற்கு கரோலினாவில் ஒரு குழு முதலில் விண்ணப்பங்களைச் சலித்து, தகுதியானவர்களின் பெயரை அனுப்பும். அதிலிருந்து சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும். அந்த ஊர்ச் சட்டமன்றத்தில் வக்கீல்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். இன்றைக்கு ஓட்டுப் போட்டவர் நாளைக்கு அதே நீதிபதி முன்னால் வாதாட வந்து நின்றால், எதிர்க்கட்சிக்காரருக்கு மனசு எப்படி இருக்கும்? அங்கேயும் இதைக் கேட்கிறார்கள், குறை சொல்கிறார்கள்.

நம் நாட்டில் இந்த முறை இல்லை. 1949ல் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதும்போதே இதைப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். கீழ்க்கோர்ட்டு நீதிபதிகள் உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். அதன்படி 233, 234, 235 என்ற மூன்று பிரிவுகள் இருக்கின்றன. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். உள்ளே இருக்கிற விஷயம் தெரிந்தால் போதும்.

நம்ம சங்கராபுரம் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறவர் மாவட்ட முன்சீப், கூடவே நீதித்துறை நடுவர். அதாவது நிலத் தகராறு போன்ற உரிமையியல் வழக்கையும் பார்ப்பார், அடிதடி போன்ற குற்ற வழக்கையும் பார்ப்பார். ஜீவனாம்ச வழக்கும் இவர் முன்னால்தான் வரும். இந்தப் பதவிக்கு இப்போது சிவில் நீதிபதி என்று பெயர். இவரைத் தேர்வு செய்வது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். வி.ஏ.ஓ., குரூப் 4 பரீட்சை வைக்கிறதே, அதே டி.என்.பி.எஸ்.சி.தான். உயர்நீதிமன்றத்தைக் கலந்து உருவாக்கிய விதிகளின்படி பரீட்சை நடக்கும்.

முதலில் முதல்நிலைத் தேர்வு. அதில் தேறினால் முதன்மைத் தேர்வு. அதில் நான்கு தாள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். மூன்று தாள் சட்டம். ஒரு தாள் மொழிபெயர்ப்பு. சாட்சி தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், ஆங்கில ஆவணத்தைத் தமிழிலும் எழுதத் தெரிய வேண்டும். நாம் கூண்டில் ஏறி "அவரு என்ன அடிச்சாருங்க" என்று சொன்னால், அது எழுத்தில் மாறாமல் வரணும் இல்லையா? அதற்குத்தான் இந்தத் தாள். கடைசியில் நேர்முகத் தேர்வு, அதற்கு 60 மதிப்பெண். அந்தக் குழுவில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரும் உட்காருவார். எல்லாம் கூட்டிப் பார்த்துப் பட்டியல் வெளியாகும். நியமன ஆணை ஆளுநர் பெயரில் வரும். பிறகு சென்னையில் உள்ள தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிற்சி அகாதமியில் பயிற்சி.

வேலைக்கு வந்த பிறகு? எந்த ஊருக்கு மாற்றுவது, லீவு கொடுப்பது, பதவி உயர்வு தருவது, தப்பு செய்தால் விசாரிப்பது எல்லாமே உயர்நீதிமன்றத்தின் கையில். கலெக்டருக்கு அதிகாரம் இல்லை. எம்.எல்.ஏ.வுக்கும் இல்லை. அமைச்சர் போன் போட்டு "அந்த முன்சீப்பைத் தூக்கு" என்று சொல்ல முடியாது.

மாவட்ட நீதிபதி பதவிக்கு இரண்டு வழி. நூற்றுக்கு 75 இடம் கீழே வேலை பார்க்கிற நீதிபதிகளிலிருந்து பதவி உயர்வில் வரும். 25 இடம் நேரடித் தேர்வு. இந்த நேரடித் தேர்வுக்குக் குறைந்தது 7 வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. வக்கீலாகவும் நீதிபதியாகவும் சேர்த்து 7 வருடம் இருந்தவர்களும் போட்டியிடலாம் என்று 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாவட்ட நீதிபதிகளை ஆளுநர் நியமிப்பார் என்றாலும் உயர்நீதிமன்றத்தைக் கலந்துதான் செய்ய முடியும்.

அப்படியானால் ஆட்சி மாறினால் மாறுகிற ஆள் யார்?

அந்த அம்மா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அவர் பார்த்தது அரசு வழக்கறிஞரை. போலீஸ் போட்ட வழக்கில் அரசாங்கத்தின் பக்கம் நின்று வாதாடுகிற வக்கீல் அவர். அரசு வழக்கறிஞர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆட்சி மாறும்போது இவர்களில் பலர் மாறுவது வழக்கம். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் இவர். மேலே உட்கார்ந்திருக்கிறவர் ஜட்ஜ். கறுப்பு அங்கி இரண்டு பேருக்கும் இருப்பதால் நமக்குக் குழப்பம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீசிலும் தாலுக்கா ஆபீசிலும் "விசாரணை" நடக்கிறது, சம்மன் வருகிறது. கோட்டாட்சியரும் தாசில்தாரும் நிர்வாக நடுவர்கள். இரு தரப்பு சண்டை வராமல் எழுதி வாங்குவது, பட்டா மேல்முறையீடு பார்ப்பது போன்ற வேலைகள் அவர்களுடையவை. அவர்கள் வருவாய்த் துறை அதிகாரிகள், அரசாங்கத்தின் கீழே வேலை பார்க்கிறவர்கள். நீதிபதிகள் இல்லை. "ஆர்.டி.ஓ. கோர்ட்டுல நமக்கு ஆளு இருக்கு" என்று யாராவது சொன்னால், அது சங்கராபுரம் கோர்ட்டைப் பற்றிய பேச்சு இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். அங்கேயும் "ஆளு" மூலம் போவது சரி என்று நாங்கள் சொல்லவில்லை.

சட்டமன்றத்துக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கோர்ட்டுகளுக்கான சட்டம் இயற்றுவது, கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவது சட்டமன்றம். இட ஒதுக்கீடும் சட்டம் மூலம் வந்ததுதான். ஆகவே நம்ம பக்கம் கோர்ட்டு வேண்டும், கோர்ட்டில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், குழந்தையோடு வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு எம்.எல்.ஏ.விடம் தாராளமாக மனு கொடுக்கலாம். அது அவர் செய்ய வேண்டிய வேலை. ஒரு வழக்கில் இப்படித் தீர்ப்பு சொல்லு என்று சொல்வது அவர் வேலை இல்லை.

மலையிலிருந்து ஒரு ஜட்ஜ்

கல்வராயன் மலைக் குழுக்களின் சகோதரிகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

உங்கள் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் ஆளுகையில் இருந்தது. பெரியவர்களுக்கு அந்தக் காலம் ஞாபகம் இருக்கும். அந்த இடத்தில் பிறந்தவர்தான் அந்த இடத்தில் உட்கார முடியும். கோர்ட்டு ஜட்ஜ் பதவி அப்படி இல்லை என்பதற்கு ஒரு சாட்சி ஜவ்வாது மலையில் இருக்கிறார்.

திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலையில் புலியூர் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் ஸ்ரீபதி. கல்வராயன் மலையில் இருப்பது போலவே மலையாளி பழங்குடி சமூகம். ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பு. பிறகு சட்டம் படித்தார். படிக்கும்போதே கல்யாணம் ஆனது, படிப்பை விடவில்லை. 2023ல் டி.என்.பி.எஸ்.சி. 245 சிவில் நீதிபதி பதவிகளுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அதற்கு எழுதினார். முதன்மைத் தேர்வு நவம்பர் மாதம் சென்னையில். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குக் குழந்தை பிறந்தது.

பிள்ளை பெற்ற உடம்பு இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் காரில் மலையிலிருந்து சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். வீட்டார் கூட நின்றார்கள். 2024 பிப்ரவரியில் தேர்வானார். வயது 23. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வாழ்த்துச் சொன்னார், பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது. நாங்கள் அந்தச் செய்தியை வெட்டி வைத்து மலைக் கிராமக் கூட்டங்களில் காட்டினோம். ஒரு பாட்டி படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம சாடைதான்" என்றார்.

எந்த எம்.எல்.ஏ.வும் அவரைப் போடவில்லை. பரீட்சை போட்டது, ஒதுக்கீடு வழி விட்டது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம் இடம். 245 பதவியில் இரண்டு மூன்று இடம்தான் வரும். குறைவுதான், ஆனால் அந்த இடமும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆதிதிராவிடருக்கு 18 (அதில் அருந்ததியருக்கு 3), மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டு. ஒவ்வொன்றிலும் பெண்களுக்கு 30 சதவீதம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு.

இப்போது ஒரு கஷ்டமான விஷயமும் சொல்ல வேண்டும். ஸ்ரீபதி எழுதியபோது சட்டம் படித்து முடித்த உடனே எழுத வழி இருந்தது. 2025 மே 20ஆம் தேதி உச்சநீதிமன்றம், இனிமேல் வரும் அறிவிப்புகளில் குறைந்தது 3 வருடம் வக்கீலாக வேலை பார்த்தவர்கள்தான் இந்தப் பரீட்சை எழுதலாம் என்று தீர்ப்பு சொன்னது. கோர்ட்டைப் பார்க்காமலே நேராக நீதிபதி நாற்காலியில் உட்காருகிறவர்களால் பிரச்சினை வருகிறது என்பது காரணம். காரணம் நியாயம்தான். நம்ம வழக்கை விசாரிக்கிறவருக்கு அனுபவம் வேண்டும் என்றுதான் நாமும் விரும்புவோம். ஆனால் ஜூனியர் வக்கீலுக்கு முதல் சில வருடம் வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. டவுனில் வீடு இருக்கிற பிள்ளைக்கு 3 வருடம் பெரிசில்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்கணும் என்றால் பெரிசு. அந்த 3 வருடத்தில்தான் "இன்னும் எத்தனை நாளைக்கு, கட்டிக் கொடுத்துடுங்க" என்று சொந்தக்காரர்கள் வந்து உட்காருவார்கள். இந்தத் தீர்ப்பு அன்றைக்கே இருந்திருந்தால் 23 வயதில் ஸ்ரீபதி எழுதியிருக்க முடியாது என்பது எங்கள் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்கிறவர்கள் படிப்புக்கு மட்டும் இல்லாமல் அந்த 3 வருடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பிளஸ் டூ முடித்தால் 5 வருடப் படிப்பு, டிகிரி முடித்தால் 3 வருடப் படிப்பு. விழுப்புரத்தில் 2017லிருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்த தேதியைப் பத்திரமாக வைக்க வேண்டும், அனுபவம் அதிலிருந்துதான் எண்ணப்படும். 10 வருட அனுபவம் உள்ள வக்கீல் தரும் சான்றிதழில் அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதிபதி ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். வயது வரம்பு, கட்டணச் சலுகை எல்லாம் ஒவ்வொரு அறிவிப்பிலும் அச்சாகி இருக்கும். விதிகள் மாறலாம் என்பதால் பரீட்சை அறிவிப்பை வரி விடாமல் படித்துக்கொள்ளுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். தொடக்க அடிப்படைச் சம்பளமே 77,840 ரூபாய்.

அந்தச் சகோதரி வழக்கு

அன்றைய கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். "ஜட்ஜுக்குன்னு சொல்லி யாருக்கும் கொடுக்க உள்கடன் தருவதில்லை" என்று குழு தீர்மானம் எழுதியது. லஞ்சம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம் என்பதை அப்போதுதான் பலர் கேட்டார்கள். அந்தச் சகோதரி முகம் வாடிவிட்டது. பணமும் கிடைக்கவில்லை, கூட்டத்தில் மானமும் போச்சு என்று நினைத்திருப்பார். ஆகவே அதோடு விடவில்லை. மறுநாளே இரண்டு உறுப்பினர்கள் கூடப் போய், வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்க வைத்தார்கள். கோர்ட்டு வளாகத்திலேயே அந்த ஆபீஸ் இருக்கும். 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் ஆண்களுக்கும் உண்டு. போனில் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது.

இப்போது அவருக்கு வக்கீல் இருக்கிறார். வழக்கு இன்னும் முடியவில்லை, வாய்தா போய்க்கொண்டுதான் இருக்கிறது. இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டிருக்கிறார்கள். கொடுத்த 5,000 திரும்பி வரவில்லை. அந்த ஆள் இப்போது இந்தத் தெருப்பக்கமே வருவதில்லையாம்.

ஒருவேளை நீதிபதி மீதே உண்மையான குறை இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பிரதிநிதி கேட்டார். நல்ல கேள்வி. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடு, அதற்கு நாள் கணக்கு உண்டு, வக்கீலிடம் உடனே கேட்க வேண்டும். நீதிபதி பணம் கேட்டார், தவறாக நடந்தார் என்றால் சென்னை உயர்நீதிமன்றப் பதிவாளருக்குப் புகார் எழுத வேண்டும். பெயர், முகவரி, கையெழுத்து, உறுதிமொழிப் பத்திரம், கையில் உள்ள ஆதாரம் எல்லாம் இணைக்க வேண்டும். மொட்டைக் கடிதத்துக்கு மதிப்பில்லை. கலெக்டர் மனு நாளில் கொடுத்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த கூட்டத்தில் பேச

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டிய பிறகு கீழே உள்ளவற்றைப் பேசச் சொல்லுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நம் குழுவில் யாருக்காவது கோர்ட்டில் வழக்கு இருக்கிறதா? இலவச வக்கீல் உதவி கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் ஏன்?

ஜட்ஜ், அரசு வழக்கறிஞர், ஆர்.டி.ஓ. இந்த மூவரில் யாரை யார் நியமிக்கிறார்கள்? படிக்காத உறுப்பினர் ஒருவர் எழுந்து சொல்லட்டும்.

நம் ஊரில் இப்போது பிளஸ் டூ படிக்கிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் சட்டம் படிக்க ஆசை என்று சொன்ன பிள்ளை யார்?